கூரைமேல் கவிழ்த்த குண்டான்

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி செய்தவனே இதை எழுதுகிறான். பெயர் நல்லதம்பி. பிறந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவில். கடல் என்றால் கருவாடு என்று மட்டுமே அறிந்தவன். இப்போது புதுக்கோட்டை டவுனில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் எழுதுகிறான்.

முதல் மூன்று வரைவுகளில் ‘நான்’ என்றுதான் எழுதினான். ‘நான்’ என்று எழுத எழுதத் தப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மூன்றாவது வரைவின் முடிவில் ஊரே சேர்ந்து அவனுக்குத்தான் ஏதோ கெடுதல் செய்துவிட்டதுபோல ஆகிவிட்டது. ஆகவே படர்க்கை. நல்லதம்பி என்று ஒருத்தன். அவனைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம். இடையில் எங்காவது ‘நான்’ தலையை நீட்டினால், வாசகர் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பிவிடவும்.

நடந்தது இவ்வளவுதான். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு டீக்கடை. விசைப்படகு ஓட்டும் பிச்சைமுத்து என்பவர் நல்லதம்பியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். படகின் கேபின் கூரையில் பொருத்தியிருக்கும் பெட்டி, படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறதாமே, அதன் வாயை அடைக்க வழி உண்டா?

நல்லதம்பி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். “வீட்ல அலுமினியக் குண்டான் இருக்குமில்ல? அதைத் தூக்கி அது மேல கவுத்து வைங்க. மேல இருக்கிறவனுக்குக் கண்ணு அவிஞ்சிரும்” என்றான்.

கடையே சிரித்தது. நல்லதம்பிக்கு இன்னொரு டீ கிடைத்தது.

அடுத்த வாரம், எதிர்க்கரை ரோந்துக் கப்பல் ஒரு படகைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் படம் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நான்கு பேர், அவர்களில் பிச்சைமுத்து. கேபின் கூரையில், வெயிலில் பளபளவென்று, கவிழ்த்த குண்டான்.

இந்தக் கதைக்கு ஒரே கேள்விதான். நல்லதம்பி சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் குண்டான் அங்கே ஏறியதா? யாராவது ஒருவர் இதற்கு நேராகப் பதில் சொன்னால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குமேல் ஒரு வரி கிடையாது. வாசகருக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

(தட்டிவிட்டீர்களா? நன்றி.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘பல நூற்றாண்டுகளுக்கு முன், சீன தேசத்தில், மூங்கில் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்த ஒருவர், அது தன் கையை விட்டு

— விட்டாயிற்று. சீனத்தில் தொடங்கினால் ஜெகதாப்பட்டினம் வந்து சேர ரொம்ப நாளாகும். அறந்தாங்கியில் பஸ் வேறு மாற வேண்டும்.

‘மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைக் கண்டு வெள்ளைக்காரன் மிரண்டு ஓடினான். பிறகு அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய், தன் ஊரில் பிரித்துப் பார்த்து, அதேபோலச் செய்து

— இதைப் படித்தால் பெருமையாக இருக்கிறது. பெருமை வந்தால் நல்லதம்பி குண்டானை மறந்துவிடுவான். அடித்தாயிற்று.

‘இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் கைதிகளை வைத்து ராக்கெட் கட்டினார்கள். அது விழுந்து செத்தவர்களைவிட, அதைக் கட்டும்போது செத்தவர்களே அதிகம் என்று சொல்கிறார்கள்.’

இது அடித்ததல்ல, அடிக்கப்பட்டது. நல்லதம்பி எழுதிக்கொண்டிருந்த ‘ராக்கெட்டின் கதை’ என்ற பிள்ளைகள் புத்தகத்தில் இந்த இரண்டு வரியும் இருந்தன. திருச்சியில் பதிப்பகத்து ஆசிரியர் ரஞ்சிதா போன் செய்தாள்.

“சார், ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க சார்.”

“ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சாவு தெரியாதா?”

“தெரியும் சார். நம்ம புக்குல தெரிய வேணாம்.”

நல்லதம்பி எடுத்துவிட்டான். எடுத்தபிறகு பக்கம் அழகாக இருந்தது. ராக்கெட் மேலே போய்க்கொண்டே இருந்தது. ராக்கெட்டின் வரலாறு மேலே போனவற்றின் வரலாறு. கீழே இருந்தவர்கள் அடிக்குறிப்பு.*

* அடிக்குறிப்பு: நம் நாட்டின் முதல் ராக்கெட் கேரளத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து போனது. அந்த ஊர்த் தேவாலயத்தில் அலுவலகம் வைத்தது, சைக்கிளில் உதிரி பாகம் கொண்டுபோனது எல்லாம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அங்கே குடியிருந்த மீனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரிதான்: ‘வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தனர்.’ வரி மொட்டையாக இருக்கிறதே என்று நல்லதம்பி தன் புத்தகத்தில் ஒரு சொல் சேர்த்தான்: ‘மகிழ்ச்சியுடன் குடிபெயர்ந்தனர்.’ யாரைக் கேட்டுச் சேர்த்தாய் என்றால், ஓசை நன்றாக இருந்தது என்பான்.

3

பிச்சைமுத்துவை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தான்.

‘தேக்கு மரம் போன்ற தோள்கள். கடலையே பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள்.’ இப்படி ஒரு வரைவு. அதைப் பிச்சைமுத்துவே படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒல்லியான மனிதர். அரைக்கால் டவுசர், துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்த கால்பந்து பனியன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஐஸ் உடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

நல்லதம்பி அங்கே போனதற்குக் காரணம், புத்தகத்தின் கடைசி அத்தியாயம். ‘விண்வெளி மீனவனுக்கு என்ன செய்தது?’ என்று நான்கு பக்கம் வேண்டும் என்று ரஞ்சிதா கேட்டிருந்தாள். புயல் வருமுன் எச்சரிக்கை, மீன் எங்கே கிடைக்கும் என்ற தகவல், ஆபத்தில் அமுக்க அந்தக் கூரைப் பெட்டியோடு சேர்ந்த ஒரு சிவப்புப் பொத்தான். எல்லாம் உண்மைதான். அந்தப் பொத்தானால் உயிர் பிழைத்த ஒருவரைப் பிடித்துவிட்டால் அத்தியாயம் தானாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் போனவனுக்குப் பிச்சைமுத்து கிடைத்தார்.

“சார், இந்தப் பொட்டி முன்னாடி கெட்ட வார்த்தை பேசுனா மேல கேக்குமா?”

“கேக்காது. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு மட்டும்தான் தெரியும்.”

“அதுதான சார் கெட்ட வார்த்தை.”

நல்லதம்பி சிரித்தான். இவ்வளவு அருமையான வசனம் ஒரு புத்தகக்காரனுக்குச் சும்மா கிடைப்பதில்லை. அவன் கைபேசியில் தட்டி வைத்துக்கொண்டான். பிச்சைமுத்து சிரிக்கவில்லை என்பதைத் தட்டி வைக்கவில்லை.

“கடல் எல்லைக் கோடு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியுது சார். கிட்டப் போனா கத்துது. மீனுக்குத் தெரிய மாட்டேங்குது. இங்கிட்டு வலையைப் போட்டா பாசியும் பிளாஸ்டிக்கும். அங்கிட்டுப் போனோம்னு பதிவாயிருச்சுன்னா அடுத்த தடவ கடலுக்குப் போக டோக்கன் கெடையாது, மானிய டீசல் கெடையாதுன்னு கரையில பேச்சு. போகலைன்னா முதலாளி வேற டிரைவரைப் போட்டுருவாரு. நீங்க படிச்சவரு, சொல்லுங்க. இது வாயை எப்படி அடைக்கிறது?”

இந்த இடத்தில்தான் குண்டான்.

அந்த நேரத்தில் அவன் சொல்லியிருக்கக்கூடிய மற்ற பதில்களை வரிசையாக எழுதிப் பார்த்தான். ‘எனக்குத் தெரியாது.’ ‘அடைக்காதீங்க, ஆபத்துன்னா அதுதான் காப்பாத்தும்.’ ‘ஏன் அடைக்கணும், ஒக்காந்து பேசுவோம்.’ எதற்கும் கடை சிரித்திருக்காது. நல்லதம்பியின் வியாதி அது. எதிரில் நாலு பேர் இருந்து, கையில் ஒரு டீயும் இருந்தால், அவன் உண்மையைக்கூடச் சிரிக்கிற மாதிரிதான் சொல்வான். இன்னும் மோசம், அது உண்மை. உலோகத்தைத் தாண்டி அந்த அலை போகாது. பொய்யாக ஏதாவது உளறியிருந்தால்கூட நான்கு பேரும் அன்றே கரை திரும்பியிருப்பார்கள்.

4

படம் வந்த மறுநாள் ஜெகதாப்பட்டினம் போனான். பிச்சைமுத்துவின் மனைவி அமராவதி நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. அன்று லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

“நீங்கதான அந்தப் புக்கு எழுதுற சாரு?” என்றாள்.

வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. அப்படியானால் குண்டானும் பேச்சில் வந்திருக்கும்.

“அந்தப் போட்டோவுல, கூரை மேல ஒரு குண்டான்...”

“எங்க வீட்டுதுதான். ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். எம் பேரு வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு எங்கம்மா சீரு குடுத்தது.”

“ஏன், போட்டுல சோறாக்குற சட்டி இருக்குமே?”

“அதைக் கவுத்திட்டா நாலு பேருக்கு எதுல சார் சோறாக்குறது?”

நியாயம்தான். கதையில் வாசகர் கொஞ்சம் இளகிச் சிரிக்க இடம் வேண்டுமே என்று இந்த வரியையும் அவன் தட்டி வைத்துக்கொண்டான். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

“தங்கச்சி, நான் அன்னைக்கு டீக்கடையில வெளையாட்டாத்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவரு...”

“ஒக்காருங்க சார். டீ போடுறேன்.”

“இல்லம்மா, நான் சொன்னதுனாலயா?”

“சக்கர போடலாமுல்ல?”

டீ வந்தது. அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். “சார், நீங்க எழுதுறவரு. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. போட்டு நம்ம பக்கத்துலதான் நின்னுச்சு, அவுகதான் உள்ள வந்து புடிச்சாகன்னு.”

“நம்ம பக்கத்துலதான் நின்னுச்சா?”

“மனுவுல அப்படித்தான் சார் எழுதணும்.”

எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதியவற்றில் கிண்டலே இல்லாத ஒரே உரைநடை அந்த மனு. அமராவதியோடு மீன்வளத்துறை ஆபீசுக்கும் போனான். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், எரிந்து விழவில்லை. மனுவைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். நீலத் திரையில், கரையிலிருந்து சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு பாதை புறப்பட்டது. கொஞ்ச தூரம் நேராகப் போனது. பிறகு இல்லை.

“இந்த எடத்துல போட்டு மறைஞ்சிருதும்மா. முழுகிருச்சோன்னு பயந்து தேடச் சொன்னோம். அதுக்குள்ள அந்தப் போட்டோ வந்துருச்சு. பொட்டி வேலை செஞ்சிருந்தா, ஒங்க வீட்டுக்காரரு நம்ம பக்கம்தான் நின்னாருன்னு இதை வச்சே நாங்க பேசியிருப்போம். இப்ப எதை வச்சுப் பேசுறது?”

அமராவதி கடைசிப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்லதம்பியும் பார்த்தான். புள்ளி, புள்ளி, புள்ளி, அப்புறம் வெறும் நீலம். மேலே 2-ஆம் பகுதியில் அவன் பாதியில் விட்ட வாக்கியங்கள் இருக்கின்றனவே, அவை மாதிரியே இருந்தது. அவற்றை அவன் வேண்டுமென்றே விட்டான். அழகுக்காக.

(இன்னொன்றும் உண்டு. வெள்ளை அலுமினியம் ரோந்துக் கப்பலின் ராடாருக்கு நன்றாகத் தெரியுமாம். மேலே இருப்பவனுக்குக் கண்ணை மறைத்தது எதிரில் வருகிறவனுக்கு விளக்காக இருந்திருக்கலாம். ஒரு குண்டான் அளவுக்குத் தெரியுமா என்று பொறியாளர் யாரையாவது கேட்டிருக்கலாம். நல்லதம்பி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

5

இரண்டாம் முறை போனபோது அமராவதி வேலை முடிந்து வந்து, விரலில் ஒட்டிய நண்டு வாடை போகப் புளியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரைக் கோர்ட்டில் வாய்தா தள்ளிப்போட்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நல்லதம்பி தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான்.

சோவியத் நாட்டிலிருந்து ஒரு விண்வெளி வீரர் மேலே போனார். அவர் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே அந்த நாடு உடைந்து துண்டு துண்டாகிவிட்டது. ராக்கெட் ஏவுகிற இடம் ஒரு துண்டில், அவர் ஊர் இன்னொரு துண்டில். யார் யாரை அனுப்புவது என்று கீழே இழுபறி. அவரை மாற்றிவிட ஆள் வரவில்லை. ‘இன்னும் கொஞ்ச நாள் இருங்க’ என்று சொல்லிச் சொல்லி, முதலில் திட்டமிட்ட காலத்தைப்போல இரண்டு மடங்கு மேலேயே இருந்தார். போகும்போது ஒரு நாடு, இறங்கும்போது வேறு நாடு.

அமராவதி புளியைக் கீழே வைத்தாள். “அவரு செஞ்ச தப்பு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“அப்பறம் ஏன் எறக்கல?”

“கீழ இருந்தவங்களுக்கு வேற வேல இருந்துச்சு.”

“சரிதான்” என்றாள். “அவரு பொண்டாட்டி என்ன செஞ்சுச்சு?”

அது நல்லதம்பியின் புத்தகத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினான். கிடைத்தது. அந்த அம்மா தரைநிலையத்தில் ரேடியோவில் வேலை பார்த்தவர். மேலே இருக்கும் கணவரோடு பேச முடிந்தது. கஷ்டமான எதையும் பேசக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினாராம். அடுத்த முறை இதை அமராவதியிடம் சந்தோஷமாகச் சொன்னான்; ஏதோ ஆறுதல் கொண்டுவந்த நினைப்பு.



“பேச முடிஞ்சுச்சுல்ல” என்றாள். “அப்பறம் அதுக்கு என்ன கொறை?”

அன்றும் கேட்டான், நான் சொன்னதுனாலயா என்று. அன்றும் டீ வந்தது.

6

முடிவுகள். வாசகர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) ரஞ்சிதாவின் முடிவு. நல்லதம்பி கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதி, அதில் குண்டானையும் நின்றுபோன புள்ளிகளையும் வைத்து அனுப்பினான். ரஞ்சிதா போன் செய்தாள். “சார், நல்லா இருக்கு. எனக்கே அழுக வந்துருச்சு. ஆனா இது ஸ்கூல் லைப்ரரி ஆர்டர் சார். கடைசிப் பக்கம் மூடும்போது பிள்ளைங்க மேல பாக்கணும்.” அவளே ஒரு வரி எழுதி அனுப்பினாள். நல்லதம்பி அதில் ஒரு காற்புள்ளி மட்டும் போட்டு, சரி என்று பதில் அனுப்பினான். சண்டை போட்டதாக எழுத ஒரு வரைவில் முயன்றான். போடவில்லை.

(ஆ) அறிவியல் முடிவு. குண்டான் அலையில் சரிந்து விழுகிறது. ஒரே ஒரு புள்ளி மேலே போகிறது. அந்தப் புள்ளி நம் பக்கத்தில் இருக்கிறது. அதிகாரி எழுந்து நிற்கிறார். எழுத நன்றாக இருந்தது. அமராவதியிடம் படித்துக்காட்டத் தைரியம் வரவில்லை.

(இ) நடந்தது. நான்கு பேரில் மூன்று பேரை விட்டார்கள். பிச்சைமுத்து டிரைவர், போதாததற்கு முன்பே ஒரு தடவை பிடிபட்டவர். அவருக்கு மட்டும் தண்டனை. படகு எதிர்க்கரைக்காரர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. கூடவே குண்டானும்.

மூன்று பேரையும் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கடல் வழியாகப் போனவர்கள் ஆகாய வழியாகத் திரும்பினார்கள். அவர்களில் சேரன் என்பவரைத் துறைமுகத்தில் பிடித்தான் நல்லதம்பி. வலை பின்னிக்கொண்டிருந்தார்.

“மொதத் தடவ ஏரோப்ளேன் சார். சன்னல் சீட்டு.”

“மேலருந்து பாத்தா கோடு தெரிஞ்சுச்சா?”

“மேகம்தான் தெரிஞ்சுச்சு.”

விண்வெளியிலிருந்து பார்த்தால் எல்லைக்கோடுகள் தெரிவதில்லை என்று நல்லதம்பி புத்தகத்தின் முன்னுரையில் எழுதியிருக்கிறான். எழுதும்போது கண் கலங்கினான். அந்தப் பெட்டிக்கு அது தெரிகிறது, கிட்டப் போனால் கத்துகிறது என்று பிச்சைமுத்து சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை.

“செவப்புப் பொத்தான் இருந்துச்சே, அதை அமுக்கலையா?”

சேரன் ஊசியை நிறுத்தினார். “அமுக்குனோம் சார். கப்பலு கிட்ட வர வர அமுக்கிக்கிட்டே இருந்தோம். குண்டானை எடுக்கணும்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல.”

“அந்தக் குண்டானைக் கவுத்தச் சொன்னது...”

“அதெல்லாம் இப்ப எதுக்கு சார்” என்றார் சேரன். “நேரம் சரியில்ல, அவ்வளவுதான்.” மறுபடி வலைக்குக் குனிந்துகொண்டார்.

(ஈ) வாசகரின் முடிவு: பிச்சைமுத்து ............ மாதம் ஊருக்கு வந்து சேர்ந்தார். கோடிட்ட இடத்தை நிரப்பவும். நல்லதம்பி பென்சிலால் பல தடவை எழுதிப் பல தடவை அழித்ததில் என் தாளில் அந்த இடம் கிழிந்துவிட்டது.

7

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் ராக்கெட், அதன் கீழே கடல், கடலில் ஒரு பாய்மரத் தோணி. அந்தக் கரையில் யாரும் இப்போது அப்படிப்பட்ட தோணியில் மீன்பிடிக்கப் போவதில்லை. படம் வரைந்தவருக்கு அது அழகாகத் தோன்றியிருக்கிறது. நல்லதம்பி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். எதற்குக் கொண்டுபோனான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்திருக்கலாம். பழம் வாங்கியிருக்கலாம்.

அமராவதி புத்தகத்தை ஈரக் கையால் தொடாமல், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். புளி வாடையும் நண்டு வாடையும் சேர்ந்து வந்தன.

“இதுல எங்க வீட்டு ஆளு வாராகளா?”

“கடைசிப் பக்கத்துல. பேரு போடல.”

அவள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டாமல், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தாள். “இன்று நம் மீனவர்கள், விண்வெளியின் துணையோடு மகிழ்ச்சியுடன் கடலுக்குச் செல்கிறார்கள்.”

அந்தக் காற்புள்ளி நல்லதம்பி போட்டது. அவள் அந்த இடத்தில் சரியாக நிறுத்தி வாசித்தாள்.

“இது எந்த ஊரு மீனவங்க சார்?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் அவனும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். இரண்டு பேருமே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தும்பாவில் குடிபெயர்ந்தவர்களுக்கும் இதே சொல்லைத்தான் அவன் போட்டான் என்று அப்போது உறைத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு தடவைக்கு ஒரு அசிங்கம் போதும்.

“அவருகிட்டேருந்து போனு வந்துச்சா?”

“போன வாரம் பேசுனாக. சோறுதான் எறங்க மாட்டேங்குதாம். அங்க அரிசி வேறயாம்.” புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “என்னத்தைப் பேசுறது சார். பக்கத்துலயே ஆளு நிப்பான். அந்த அம்மா மாதிரி நானும் கஷ்டத்தைப் பேசுறதில்ல. வீட்டுக்குப் பின்னாடி முருங்க பூத்திருக்குன்னு சொன்னேன்.”

நல்லதம்பி எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. கதையை எழுதுகிறவனாக நான் சொல்கிறேன், அங்கே எழுந்து பஸ் ஏறியிருந்தால் கதை இன்னும் நாகரிகமாக முடிந்திருக்கும். முருங்கைப்பூ நல்ல முடிவு. ஆனால் அவனுக்கு அது போதவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை. எதுவானாலும் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இந்தக் கதையின் கடைசி வரியாக வைத்துக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் பிச்சைமுத்துவைப் போலவே அவனும் கிடைக்கிற இடம் தேடிக் கோடு தாண்டுகிறவன்தான். என்ன, அவனைப் பிடிக்க ரோந்து கிடையாது.

“தங்கச்சி, ஒரே ஒரு தடவ சொல்லிருங்க. நான் சொன்னதைக் கேட்டுத்தான அவரு குண்டானைக் கவுத்தினாரு?”

அமராவதி டீ போட எழுந்திருக்கவில்லை.

“வரும்போதெல்லாம் இதையே கேக்குறீங்க சார். ஆமான்னா இங்க ஒக்காந்து அழுவீங்க. இல்லன்னா நிம்மதியாப் போயிருவீங்க. ரெண்டையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, அதான் டீயக் குடுத்துக் குடுத்து அனுப்புனேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. நீங்க சொன்னீங்கன்னு வந்து சொன்னாக. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாக, புதுக்கோட்டையிலேருந்து ஒரு சாரு வந்தாரு, குண்டானைக் கவுத்தச் சொல்றாரு, சரியான கிறுக்குன்னு. சொல்லிட்டுச் சாப்புட்டாக, தூங்கிட்டாக. அவுகளுக்கு அது அத்தோட முடிஞ்சு போச்சு. எனக்குத்தான் முடியல. மீனு அங்கிட்டுத்தான் கெடக்கு. போனாத்தான் அடுப்பு எரியும், போனது தெரிஞ்சா டோக்கன் போயிரும். படிச்சவரு சொல்லியிருக்காரு, பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். காலையில பரண்லேருந்து அந்தக் குண்டானை எறக்கி, வெளக்கி, பையில போட்டு நீட்டுனேன். வேணாம்டி, ஊரு சிரிக்கும்னாக. சிரிச்சாச் சிரிக்கட்டும், எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னது நானு.”